மூலை சுருண்ட சீட்டுகள்

என் வீட்டுக்காரர் கோதண்டராமனுக்கு ஆராய்ச்சி மையத்தில் பாதுகாப்புச் சோதனை வேலை. எவனாவது ஒரு விதியைத் தாண்டினால் முதலிலிருந்து செய்ய வைப்பார். நான் ஊருக்குப் போக பஸ் ஏறிய பிறகு போன் போட்டு, "சிலிண்டரை மூடினியா?" என்று கேட்கிற ஆள். அப்பேர்ப்பட்டவர் படாளம் கூட்டு ரோட்டில் வண்டி சறுக்கிக் காலை ஒடித்துக்கொண்டு, மாவுக்கட்டோடு வீட்டில் உட்கார்ந்தார். பொழுது போகவில்லை என்று என்னைப் படுத்தி எடுத்தார். மாமல்லபுரம் போயிருந்த எங்கள் பெண் அனு, முதுகில் கடற்கரைக் கோயில் படம் போட்ட சீட்டுக்கட்டு ஒன்றை வாங்கி வந்து அப்பாவிடம் கொடுத்தாள்.

ஒற்றை ஆளாக ஆடும் சாலிடேரை அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். ஏழு வரிசை. முதலாவதில் ஒரு சீட்டு, இரண்டாவதில் இரண்டு, இப்படி ஏழு வரை. மேல் சீட்டு மட்டும் முகம் காட்டும், மற்றவை கவிழ்ந்து கிடக்கும்; மிச்சக் கட்டு கையில். சிவப்பின்மேல் கறுப்பு, கறுப்பின்மேல் சிவப்பு என்று எண் இறங்கிக்கொண்டே வர வேண்டும். காலி இடத்தில் ராஜா மட்டுமே உட்காரலாம். ஆஸ் கிடைத்தால் மேலே வைத்து, அதே ரகத்தை ராஜா வரை ஏற்றிவிட்டால் ஜெயம்.

நுணுக்கமெல்லாம் ஆட ஆட எனக்கே பிடிபட்டது. உயரமான குவியலை முதலில் உடைக்க வேண்டும். ராஜா கண்ணில் படாமல் ஓர் இடத்தைக் காலி செய்து பிரயோஜனமில்லை. சின்னச் சீட்டை அவசரப்பட்டு மேலே ஏற்றினால், பிறகு கீழே வேலைக்கு ஆளில்லாமல் தவிக்க வேண்டும். இவ்வளவு தெரிந்தும் தோற்றேன். இரண்டே தடவைதான் ஆட்டம் ஜெயமாக வந்தது. "காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்துது" என்றார் இவர்.

அவருக்கோ தினமும் வரும். நான் அடுக்களையில் இருக்கும்போது, "சங்கரி, வந்துடுச்சு!" என்று ஹாலிலிருந்து குரல் கொடுப்பார். ஈரக் கையோடு ஓடிப்போய்ப் பார்ப்பேன். நாலு கட்டும் ராஜாவோடு ஜம்மென்று நிற்கும்.

"எல்லா ஆட்டமும் வருமாங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மூளையைப் போட்டு ஆடினா வராத ஆட்டமே கிடையாது."

அப்போதுதான் எதிர்வீட்டு லோகநாயகி அக்கா, நகரியத்துப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் கணக்கு எடுக்க முடியுமா என்று கேட்டாள். கணக்கில் பட்டம் வாங்கியதோடு கல்யாணமாகி அடுப்படிக்கு வந்தவள் நான். இப்படி யாராவது கேட்கமாட்டார்களா என்று எத்தனை வருஷம் ஏங்கியிருக்கிறேன்! ஆனால் சீட்டாட்டத்திலேயே தடுமாறுகிறவள் பிள்ளைகளுக்கு என்ன கிழிக்கப்போகிறாள்? "மண்டை துருப்பிடிச்சுப் போச்சுக்கா" என்று சிரித்து மழுப்பினேன். அன்றெல்லாம் சோறு இறங்கவில்லை.

இதற்கிடையில் சீட்டுகளின் மூலை சுருண்டுகொண்டே வந்தது. "உப்புக் காத்து" என்றார். பீரோ கதவே அரித்துப்போகிற ஊர், நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை லோகநாயகி அக்காவும் அவள் கணவர் நரசிம்மனும் இவர் காலைப் பார்க்க வந்தார்கள். எனக்கு வாய் சும்மா இருக்காதே. "இவர் ஒரு ஆட்டம்கூடத் தோத்ததில்ல" என்று பெருமையடித்தேன். ஆடிக் காட்டச் சொன்னார் நரசிம்மன். கால் வலி என்று இவர் நழுவப் பார்த்தார். நானே சீட்டைக் கலைத்துப் பரப்பினேன்.

அவர் ஆடுவதை முதலிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது அன்றுதான். பாதியில் ஆட்டம் நின்றுவிட்டது. நானும் வரிசை வரிசையாகப் பார்த்தேன். வழியே இல்லை. நானாக இருந்தாலும் இதே இடத்தில்தான் நின்றிருப்பேன். அதற்குள் அவர் கட்டைவிரல் பழக்கதோஷத்தில் கவிழ்ந்த குவியலுக்குப் போய், மூலையைத் தூக்கி வேண்டிய சீட்டைத் தேடியது. தலையும் கூடவே குனிந்தது.

"என்ன சார், நீங்களே எட்டிப் பாக்கறீங்க?" என்று நரசிம்மன் சிரித்தார்.

இவர் முகம் செத்துப்போனது. எனக்கு, நானே திருடி அகப்பட்ட மாதிரி உடம்பு கூசியது. "மாத்திரை மயக்கம் அவருக்கு. காபி ஆறுது, குடிங்க" என்று சீட்டுகளை வாரிச் சுருட்டினேன். பொய்க்குப் பொய்.

வழியனுப்பும்போது வாசலில் லோகநாயகி அக்காவின் கையைப் பிடித்தேன். "அக்கா, அந்தக் கணக்கு வகுப்பு... நான் வரட்டுமா?"

"ஐயோ, கருங்குழிலேர்ந்து ஒரு பொண்ணைப் போன வாரம்தான் போட்டோம். நீதானே முடியாதுன்னுட்டே!"

தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்தேன். அவர் சுருண்ட மூலைகளை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தார். வாசலில் பேசியது காதில் விழுந்திருக்கிறது.

"ஏன் முடியாதுன்ன? என்கிட்ட சொல்லவேயில்லையே."

"தினம் தோத்துக்கிட்டிருந்தேனேங்க. எந்த முகத்தை வச்சுக்கிட்டு ஒத்துக்கிறது?"

நீவிய கை நின்றது. சீட்டைப் பார்த்தபடியே, "எனக்கு நேர்மையா ஒண்ணுகூட வந்ததில்ல, சங்கரி" என்றார்.

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, வெட்கம்தான் பிடுங்கித் தின்றது. கண்ணெதிரே சுருண்டு கிடந்த சீட்டுகளைச் சந்தேகப்படாமல், என் மண்டையைச் சந்தேகப்பட்டேனே.

"எனக்கு ரெண்டு தடவை வந்துதுங்க" என்றேன்.