பலகுரல் மெக்கானிக்

இடது கை சட்டைக்குள் போகவில்லை. சின்னவள் முழங்கையை மெல்ல மடக்கிப் பார்த்தாள். அப்பாவின் உடம்பு அதற்குள் இறுகத் தொடங்கியிருந்தது.

"தோளைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க அண்ணி" என்றாள், அண்ணியின் முகத்தைப் பார்க்காமல்.

அண்ணி தூக்கினாள். கை வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. சாம்பல் நிறச் சட்டை. உயிரோடு இருப்பவர்களுக்கும் அதே சட்டைதான், செத்தவர்களுக்கும் அதே சட்டைதான். சின்னவள் வேலை பார்க்கும் தையல் ஆலையில் வருவதும் போவதும் இது ஒன்றுதான். இந்தக் காலரை அவளே தைத்திருந்தாலும் தைத்திருப்பாள்.

வாசலை ஒட்டிப் போட்டிருந்த நாற்காலியில் மேற்பார்வைக்காரி உட்கார்ந்திருந்தாள். தெருவில் சாவு விழுந்தால், உடம்பு வண்டியேறும்வரை அவள் அந்த வீட்டை விட்டு நகரக் கூடாது. கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. கொடுத்த டீயைக் குடித்தாள். அம்மாவின் முதுகைத் தடவிக்கூடக் கொடுத்தாள். ஆனால் அவள் கண் மட்டும் ஓர் இடத்தில் நிற்கவில்லை. யார் அழுகிறார்கள், யார் கொஞ்சம் அதிகமாக அழுகிறார்கள் என்று அளந்துகொண்டே இருந்தது.

"கடைசியா என்ன சொன்னார்? மேல கேப்பாங்க" என்றாள்.

அம்மா வாயைத் திறப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டாள். "'அனைவருக்கும் நன்றி'ன்னு சொன்னார். தெளிவாச் சொன்னார்."

மேற்பார்வைக்காரி திருப்தியாகத் தலையாட்டினாள். சின்னவளின் விரல் பொத்தானிலேயே நின்றுவிட்டது. காலையில் அண்ணன் போனில் சொன்னது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது: உயிர் போகும்போது அம்மா மட்டும்தான் பக்கத்தில் இருந்தாள். அண்ணி அறையிலேயே இல்லை.

இந்த அண்ணி எப்போதும் இப்படித்தான். கேட்ட வாய் மூடுவதற்குள் பதில் வந்துவிடும்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. எல்லாருக்கும் அவர் 'பலகுரல்'தான். துருப்பிடித்த லிஃப்ட் கதவு முனகுவது, மேனேஜர் பொய் சொல்வதற்கு முன் இருமுவது, அம்மா சண்டைக்கு வரும்போது மூச்சை இழுப்பது என்று எல்லாமே அந்தத் தொண்டைக்குள் இருந்தன. ஜன்னலைச் சாத்தச் சொல்லிவிட்டு, தெருமுனை ஒலிபெருக்கியின் குரலை எடுப்பார். "குடிமக்களே! மூச்சை உள்ளே இழுப்பது உங்கள் உரிமை. வெளியே விடுவது உங்கள் கடமை." வீடே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்.

ஒரு நாள் இரண்டு பேர் வந்து அவரைத் திருத்தப் பள்ளிக்குக் கூட்டிப்போனார்கள். மழைக்காலம் முடிந்த பிறகு திரும்பி வந்தார். வந்தவர் அந்த ஒலிபெருக்கிக் குரல் ஒன்றில்தான் பேசினார். தாகமெடுத்தால், "தண்ணீர் தேவைப்படுகிறது." சாப்பிட்டு எழுந்தால், "உணவு திருப்திகரமாக இருந்தது. நன்றி." முதல் முறை கேட்டபோது சின்னவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. அவள் முகத்தையே பார்த்தார், புரியாதவர் போல. மனுஷன் மாறித்தான் போனாரா, இல்லை முடிவே இல்லாத ஒரு கேலியாக அதைப் பிடித்துக்கொண்டாரா என்பது அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

ஜன்னல் சாத்திய வீட்டுக்குள் நடந்ததை வெளியே கொண்டுபோனது யார்? அண்ணி அப்போது புதுப்பெண். வேலை வட்ட அலுவலகத்தில். அப்பாவைக் கூட்டிப்போன கொஞ்ச நாளில் அண்ணனுக்குப் பதவி உயர்வு வந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும்? கல்யாணமாகிப் போன பிறகும், இந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் சின்னவள் அண்ணியின் கைபட்ட காபியை ஒரு கணம் பார்த்துவிட்டுத்தான் குடிப்பாள்.

வண்டி வந்தது. கூடப் போக ஒருவருக்குத்தான் அனுமதி; அண்ணன் ஏறிக்கொண்டான். அம்மா படிவரை வந்து நின்றாள். மேற்பார்வைக்காரி கிளம்பும்போது அண்ணி அவளை ஓரமாக அழைத்துப் போய்க் காதோடு ஏதோ சொன்னாள். அவள் யோசித்துவிட்டுத் தலையசைத்தாள்.

பிணம் இன்னும் தெருவைத் தாண்டவில்லை, அதற்குள் என்ன ரகசியம் என்று சின்னவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்பா படுத்திருந்த துணிகளை அலச மூவரும் மொட்டை மாடிக்குப் போனார்கள். வீட்டுக்குள் பேச முடியாது. அப்பா திரும்பி வந்த பிறகு எல்லா வீட்டுச் சுவரிலும் மாட்டிய பெட்டி அங்கேயும் இருந்தது, அது பேசவும் செய்யும், கேட்கவும் செய்யும். மாடியில் குழாய் மட்டும்தான்.

"அவ காதுல என்ன சொன்னீங்க?"

அண்ணி போர்வையை வாளியில் அமுக்கினாள். "அத்தையை நாளைக்கே வேலைக்கு வரச் சொல்லாதீங்கன்னு கேட்டேன்."

"அப்பா கடைசியா என்ன சொன்னார்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க ரூம்லயே இல்ல."

"தெரியாது."

"அப்புறம் ஏன் சொன்னீங்க?"

"யாராவது ஏதாவது சொல்லித்தானே ஆகணும்."

"அன்னைக்கும் அப்படித்தானே? யாராவது சொல்லித்தானே ஆகணும்னு போய்ச் சொல்லிட்டு வந்தீங்க?"

அண்ணியின் கை தண்ணீருக்குள் அப்படியே நின்றது. அவள் சின்னவளைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தாள்.

அம்மா குழாயை இன்னும் ஒரு சுற்றுத் திறந்துவிட்டாள். தண்ணீர் வாளிக்குள் இரைந்தது.

"அவளை விடுடி. போய்ச் சொன்னது நான்தான்."

சின்னவளுக்குக் காதில் விழுந்தது மனசில் ஏறவில்லை.

"மேல் வீட்டுக்காரர் அந்தக் குரலைக் கேட்டுட்டார். மறுநாள் படியில உங்கப்பாவைப் பார்த்துச் சிரிச்சார். அந்தச் சிரிப்பு சரியில்ல. வெளியாளு சொன்னா குடும்பத்தையே கலைச்சு ஆளுக்கொரு திசையில அனுப்பிடுவாங்க. வீட்டாளே சொன்னா ஒருத்தரோட போயிடும்." அம்மா குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை. "உங்கப்பாதான் போய்ச் சொல்லுடின்னார். மாட்டேன்னு உக்காந்துட்டேன். என் செருப்பை எடுத்துட்டு வந்து காலடியில வெச்சார்."

"அண்ணிக்கு…"

"ஆபீஸ்ல நான் போய் நின்னதே இவ மேசை முன்னாலதான்."

அண்ணி போர்வையைத் தூக்கி மறுபடி அமுக்கினாள். "நீ என்னை மொறைப்ப. சரி, அத்தையை மொறைக்கலயேன்னு இருந்துட்டேன்" என்றாள், வாளியைப் பார்த்து.

சின்னவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருஷமாக அண்ணியை எப்படிப் பார்த்தாளோ, அப்படியே. செருப்பை எடுத்து வைத்தது உண்மையா? அதைப் பார்த்தவர் இரண்டு பேர். ஒருவர் வண்டியில் போய்விட்டார். அம்மாவின் கண்ணில், மூக்கோரத்தில், உதட்டு மடிப்பில் எதையோ தேடுகிறோம் என்று அவளுக்கே தெரிந்தது. தெரிந்தும் பார்வையை எடுக்க முடியவில்லை. அம்மாவும் முகத்தைத் திருப்பாமல், பார்த்துக்கொள் என்பதுபோல் நின்றாள்.

"நெஜமா அவர் என்னதாம்மா சொன்னார், கடைசியா?"

"'ஜன்னலைத் தொறடி, புழுங்குது'ன்னார்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்." அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தாள். "வீட்டுக்குள்ள யாரோ ஆம்பளை வந்துட்டாங்கன்னு நினைச்சு வாசலைத் திரும்பிப் பார்த்தேன்டி. அவர் குரல் எனக்கு மறந்தே போச்சு. மறுபடி இந்தப் பக்கம் திரும்பறதுக்குள்ள…"

அம்மா குழாயை மூடிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

அண்ணி போர்வையின் ஒரு நுனியை நீட்டினாள். சின்னவள் வாங்கிக்கொண்டாள். இருவரும் எதிரெதிராக நின்று முறுக்கினார்கள். தண்ணீர் நடுவில் கொட்டி, தரையில் ஓடி, மூலை ஓட்டைக்குள் போனது. பிறகு உதறிக் கொடியில் போட்டார்கள்.

எதிர்வீட்டு மாடியில் மேற்பார்வைக்காரி உலர்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றாக, நிதானமாக, இந்தப் பக்கம் பார்த்தபடி. போர்வைக்குப் பின்னால் அண்ணி கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் தோள் குலுங்கத் தொடங்கியது, சத்தம் வரவில்லை.

காற்று வந்து போர்வையின் ஓரத்தைக் கிளப்பியது. சின்னவள் சட்டென்று குனிந்து, கீழ் நுனி இரண்டையும் சேர்த்து, காற்று தூக்காதபடி இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.