அழுக்காகாத மாஸ்க்

கழிவறை கழுவும் திரவம் தயாரிக்கிற அந்தப் பட்டறையில் மாஸ்க் இல்லை என்று ஒருவரும் வாய் திறக்க முடியாது. இருந்தன. ஃபில்டர் வைத்த, விலை உயர்ந்த மாஸ்க்குகள். கண்ணாடி அலமாரிக்குள் பளபளவென்று, பூட்டோடு இருந்தன. சாவி முதலாளியம்மாவின் கைப்பையில்.

ஆய்வுக்கு அதிகாரி வருகிற அன்று மட்டும் அலமாரி திறக்கும். அன்று முதலாளியம்மாவின் அண்ணி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாள். பட்டறையில் கலவை பார்ப்பவள் அண்ணிதான். எல்லோரும் வைத்த பெயர் ரேடியோ. காலையில் வாயைத் திறந்தால் சாயங்காலம்தான் மூடுவாள்.

“யாரு வர்றாங்க முதலாளியம்மா இன்னிக்கு? மூஞ்சிக்கு நகையெல்லாம் எடுத்து மாட்டறே!”

அதிகாரி வாசலைத் தாண்டியதும் முதலாளியம்மா கையை நீட்டிவிடுவாள். “போயாச்சு, கழட்டுங்க. எதுக்கு அழுக்காக்கணும்?” துடைத்து, உறையில் போட்டுப் பூட்டுவாள். கஞ்சத்தனம் என்று சொல்லிவிட முடியாது. நல்ல பொருளைப் பொத்திப் பொத்தி வைத்தே பழகியவள். என்ன பாழாய்ப்போன சிக்கனமோ!

ஒருநாள் முதலாளியம்மா கடைக்காரர்களைப் பார்க்கப் போயிருந்தாள். சாவியும் கூடவே போயிற்று. ஆசிட் டிரம்மும் பிளீச் டிரம்மும் ஒரே நீல நிறம். பெயர் எழுதி ஒட்டியதே கிடையாது. நம்ம ஆட்களுக்குத் தெரியாதா என்ற நினைப்பு. பாட்டிலுக்கு மூடி போடுகிற பெண் ஒன்றில் ஊற்ற வேண்டியதை இன்னொன்றில் ஊற்றிவிட்டாள். குபுகுபுவென்று புகை. எல்லோரும் வெளியே ஓடினார்கள். அந்தப் பெண் மட்டும் உள்ளே சுருண்டு விழுந்துவிட்டாள். அண்ணி அலமாரிக் கதவைப் பிடித்து உலுக்கிப் பார்த்தாள். திறக்கவில்லை. துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு போய் அவளை இழுத்து வந்தாள்.

பெண் பிழைத்துக்கொண்டாள். ரேடியோவின் குரல்தான் போயிற்று.

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே முதலாளியம்மாவுக்கு அழுகையோடு கோபமும் வந்தது. “கண்ணாடிதானே அண்ணி! கையில கெடச்சத எடுத்து உடைச்சிருக்கக் கூடாதா?”

“உடைச்சா நீ கத்துவியே” என்றாள் அண்ணி, வெறும் காற்றாக.

முதலாளியம்மாவுக்கு உயிரே போய்விட்டது. அண்ணனாவது நாலு வார்த்தை திட்டித் தொலைத்திருக்கலாம். அவன் தலையைக் குனிந்துகொண்டு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான்.

அண்ணி வேலைக்குத் திரும்பிய காலையில் டிரம்களில் கொட்டை எழுத்தில் பெயர் இருந்தது. அலமாரிக் கதவையே கழற்றிப் போட்டாயிற்று. எல்லோர் முகத்திலும் மாஸ்க். அண்ணியுடையதை முதலாளியம்மா தானே கொண்டுவந்து கொடுத்தாள். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, இதையாவது செய்வோம் என்றிருந்தாள்.

“யாரு வர்றாங்க இன்னிக்கு?” கரகரவென்று வந்தது குரல். கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டாள்.

“யாரும் வரல அண்ணி. இனிமே தினமும் இப்படித்தான்.”

அண்ணி அவளையே பார்த்தாள். பிறகு, பாவம், குழந்தையைத் தேற்றுகிறவள் மாதிரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பரவால்ல, சொல்லு. அதிகாரி வந்து கேட்டா நான் ஒண்ணும் சொல்லிட மாட்டேன். ரேடியோதான் ரிப்பேராச்சே.”