அனுமதி கேட்ட பொத்தான்

“மெஷின் கோளாறு மேடம். அதான் வேற மெஷின் வெச்சுப் பார்க்கிறேன்.”

நர்ஸ் என் கண்ணைப் பார்க்காமல் சொன்னாள். கட்டிலில் ரத்த அழுத்தக் கருவிகள் மூன்று கிடந்தன. மூன்றிலும் அழுத்தம் பாதாளத்தில். காலையில் பித்தப்பை ஆபரேஷன் முடிந்த மனிதர் வெளுத்துப் போய், வியர்வையில் ஊறிக் கிடந்தார். வயிற்றைத் தொட்டேன். கல்! உள்ளே ரத்தம் கசிகிறது. இதைச் சொல்ல என்னைப் போல டாக்டருக்குப் படித்திருக்க வேண்டியதில்லை.

“மூணு மெஷினும் கூடிப் பேசிப் பொய் சொல்லுதா சிஸ்டர்? பொத்தானை ஏன் அழுத்தல?”

தலைமாட்டுச் சுவரில் இருந்தது அந்தச் சிவப்புப் பொத்தான். இந்த மருத்துவமனைக்கு நான் கெஞ்சிக் கூத்தாடிக் கொண்டுவந்த திட்டம். நோயாளியின் நிலை மோசமானால் நர்ஸ் யாரிடமும் கேட்க வேண்டாம். அழுத்தினால் அவசரக் குழு ஓடி வரும்.

“பெரிய டாக்டர் முதல்ல அவரைக் கேட்கச் சொல்லிட்டார் மேடம். போன வாரம் கேட்காம அழுத்தின அக்காவை எல்லார் முன்னாடியும், ‘இதென்ன உங்க வீட்டு காலிங் பெல்லா?’னு கிழிச்சுட்டார்.”

“சரி, கேட்டீங்களா?”

“ஆபரேஷன்ல இருக்கார். போன் எடுக்கல. அதான், ஒரு மெஷினாவது நல்லபடியா காட்டினா...” சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

பெரிய டாக்டர். நர்ஸ்கள் வைத்த பெயர் ‘இடி’. எனக்கு மாமனார்.

பொத்தானை ஓங்கி அழுத்தினேன். வராந்தாவில் காலடிச் சத்தமே இல்லை. குழுவுக்குப் போன் போட்டேன்.

“மேடம், பெரிய டாக்டர் ஓகே சொல்லிட்டாரா?” என்றான் குழுத் தலைவன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இன்னும் ஒரு வார்த்தை பேசினே, பக்கத்துக் கட்டில்ல நீ படுத்திருப்பே. ரத்த பாட்டிலோட ஓடி வாடா!”

வந்தார்கள். கட்டிலோடு உருட்டிக்கொண்டு தியேட்டருக்குப் பறந்தோம். கையிலிருந்த ஆபரேஷனை உதவியாளரிடம் விட்டுவிட்டு வந்து, வயிற்றைத் திறந்து, கசிந்த ரத்தக் குழாயைக் கட்டியவர் மாமனார்தான். கைராசிக்காரர், அதை மறுக்க மாட்டேன்.

“ஆள் பிழைச்சாச்சு” என்று கையுறையைக் கழற்றி எறிந்தார். “கொஞ்சம் லேட். பரவாயில்லை.”

“அந்தக் கொஞ்சம், உங்க திட்டுக்குப் பயந்து ஒரு பொண்ணு மெஷின் மாத்திக்கிட்டிருந்த நேரம் மாமா.”

“இங்கே மாமான்னு கூப்பிடாதே.”

“சரிங்க சார். பொத்தானுக்கு ரிப்பன் வெட்டினது நீங்க. போட்டோவுக்குச் சிரிச்சது நீங்க. போட்டோக்காரன் அந்தப் பக்கம் போனதும் அதோட கழுத்தை நெரிச்சதும் நீங்கதான்.”

“பாதி அழைப்பு வெத்தும்மா! ஓடி வந்து பார்த்தா நோயாளி பேப்பர் படிச்சுக்கிட்டிருக்கான். என் வார்டு நர்ஸுங்க கூப்பிட்டாலே குழு என்னைப் பார்த்துச் சிரிக்குது.”

“சிரிக்கட்டும். வெத்தா ஓடுறதுக்கும் சேர்த்துத்தான் அந்தக் குழு. கவுரவம் பார்க்கிற இடமா இது?”

அவர் குரலைத் தாழ்த்தினார். “வெளியே அவர் சம்சாரம் நிக்குது. எதிர்பாராத சிக்கல்னு சொல்லி அனுப்பு. மத்ததை வீட்ல பேசிக்கலாம்.”

வீட்டில்! கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். அத்தை, “பெரியவர், விட்டுடும்மா” என்பார். சோற்றோடு சேர்த்து எல்லாவற்றையும் விழுங்கிவிட்டுக் கை கழுவுவோம். நாளைக்கு இன்னொரு கட்டிலில் இன்னொரு நர்ஸ் மெஷின் மாற்றுவாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். அந்த அம்மாள் எழுந்து ஓடி வந்தார்.

“உயிருக்கு ஆபத்தில்லைம்மா” என்றேன். அவர் இரண்டு கையையும் கூப்பினார்.

“கையை இறக்குங்க. முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க. அவருக்கு மோசமாகுதுன்னு தெரிஞ்சும் நாங்க உடனே வரல. செத்தே போயிருப்பார். தப்பு எங்களோடது.”

கூப்பிய கைகள் பிரிந்தன. “தெரிஞ்சுமா? ஏன் வரல?”

பின்னால் கதவு திறந்தது.

“போதும், உள்ளே வா” என்றார் மாமனார்.

“நீங்க வெளியே வாங்க சார். ஏன்னு கேட்கிறாங்க.”