மூளைக்குள் ஒரு ரிமோட் சண்டை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஏசி ரிமோட்டால் பிறந்தது. எனக்குப் பதினெட்டு டிகிரி வேண்டும், என் மனைவிக்கு இருபத்தேழு. "இனிமே குளிருதுன்னோ வேர்க்குதுன்னோ யார் முதல்ல வாயைத் திறக்கிறாங்களோ, அவங்க ரிமோட்டைக் குடுத்துரணும். ஆயுசுக்கும்" என்று நேற்று பந்தயம் கட்டினாள். சரி, கதையிலாவது ஜெயிப்போம் என்று உட்கார்ந்தேன்.

2

"மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் எனப்படும்..." (கோடு போட்டு அடித்தாயிற்று. எனக்கே கொட்டாவி வருகிறது.)

"ஹைப்போதலாமஸ் ஒரு மேனேஜர். உடம்புச் சூடு அவர் பொறுப்பு. செரோட்டோனின், டோபமைன் என்று சேதி கொண்டுபோகிற ஆட்கள் உண்டு." (இவர்களில் யார் சூடேற்றுவார், யார் தணிப்பார் என்று கேட்காதீர்கள். போய் நிற்கிற வாசலைப் பொறுத்துப் பேச்சை மாற்றுவார்கள், என் மச்சான் மாதிரி.)

3

"அவனுக்குக் குளிர் என்றால் என்னவென்றே தெரியாது. பதினெட்டு டிகிரியில் வெறும் பனியனோடு கம்பீரமாக—"

"இந்த அவன் யாரு?" பின்னாலிருந்து மனைவி.

"கற்பனைப் பாத்திரம்."

"கற்பனைக்கு ஏன் பல்லு தந்தியடிக்குது?" என் கழுத்தைத் தொட்டாள். "அய்யோ, நெருப்பாக் கொதிக்குதே!"

4

(அவசரமாக ஒரு அடிக்குறிப்பு: காய்ச்சலின்போது புரோஸ்டாகிளாண்டின் என்றொரு ஆசாமி மேனேஜரிடம் போய், "சூட்டை ஏத்தி வைங்க சார்" என்று ஓதிவிடுவார். மேனேஜரும் தலையாட்டிவிடுவார். உடம்பு கொதித்தாலும் புது அளவுக்குப் போதவில்லை என்று நடுக்கம் வரும். ஆகவே அவனுக்குக் குளிரவில்லை. குளிர்வதாக மேலிடத்து உத்தரவு, அவ்வளவுதான்.)

"அப்போ குளிருது?"

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே."

"வீம்புக்கும் ஒரு அளவு வேணாமா!"

5

முடிவு ஒன்று: குளிருது என்கிறான், ரிமோட் போகிறது. (உயிரே போனாலும் எழுத மாட்டேன்.)

முடிவு இரண்டு: சொல்லாமலே விறைத்து— ("வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று மனைவி அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டாள்.)

நடந்ததைச் சொல்கிறேன். அவளே ஏசியை அணைத்தாள். இரண்டு போர்வையைப் போர்த்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் நெற்றியெல்லாம் முத்து முத்தாக வேர்வை.

"வேர்க்குதா?" என்றேன் ஆசையாக.

"யாருக்கு?" என்றாள், கன்னத்தைத் துடைத்துக்கொண்டே. எனக்காக வெந்துகொண்டிருக்கிறாள். பாவமாக இருந்தது, அவள் மேல் ஆசையாகவும் இருந்தது. ஆனாலும் ரிமோட் ரிமோட்தான்.

வாசகரே, போர்வைக்குள்ளிருந்து எழுதுகிறேன். ரிமோட் மேசைமேல் இருக்கிறது. யாரைத் தோற்கடிப்பது என்று நீங்களே முடிவு செய்யுங்கள். ஏசியை மட்டும் தயவுசெய்து போட்டுவிடாதீர்கள்.

"ஏனாம்?" என்கிறாள் மனைவி, என் தோளுக்கு மேலே எட்டிப் படித்தபடி.