உப்புத்தண்ணீர் ஊசி

பதினாறாவது தடுப்பூசி மருந்தைப் போட்டுப் பார்த்த மூன்றாம் நாள், காலை பத்தேகாலுக்கு, நான்காம் தொட்டியிலிருந்த இருநூறு மீன்களும் தண்ணீரைவிட்டு ஒரு சாண் மேலே எழும்பி நின்றன. செவுள்கள் வழக்கம்போல அசைந்தன. உடம்பில் ஒட்டி ரத்தம் குடித்துக்கொண்டிருந்த மீன்பேன்கள் காற்றில் காய்ந்து எள்ளுபோல உதிர்ந்தன. ஆராய்ச்சிக்காரி நேரத்தைக் குறித்துக்கொண்டாள். பதினோரு வருஷமாக மீன்பேனுக்குத் தடுப்பூசி தேடுகிறவள்; சோதனைக்குப் பேன் வேண்டுமே என்று அவற்றையும் தானே வளர்த்ததால் அலுவலகத்தில் அவளுக்குப் பேன்ராணி என்று பெயர். மீன் மிதப்பதில் அவளுக்குப் புகார் எதுவும் இல்லை. ஐந்தாம் தொட்டியைத் திரும்பிப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வெறும் உப்புத்தண்ணீர் ஊசி போட்டிருந்த மீன்கள் அவை. அவையும் அதே ஒரு சாண் உயரத்தில் நின்றன.

இயக்குநர் வந்து இரண்டு தொட்டிகளையும் அளவுகோல் வைத்து அளந்தார்.

"ரெண்டுக்கும் வித்தியாசமே இல்லையேம்மா. அப்போ மருந்து வேலை செய்யலன்னுதானே அர்த்தம்?"

"சார், ஒரு பேன்கூட இல்ல சார்!"

"அது சரி. ஆனா மருந்தால போகலையே."

அவர் சொன்னது நியாயமாக இருந்ததுதான் அவளுக்கு ஆத்திரம். அடுத்த சோதனையில் அவள் கைக்குப் பதிலாக ஊசி போடும் இயந்திரத்தை வைத்தார்கள். இரண்டு தொட்டியிலும் ஒரு மீன்கூட எழவில்லை. பேன்கள் தின்று கொழுத்தன. மறுபடியும் வித்தியாசம் இல்லை என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். மருந்தோ தண்ணீரோ, அவள் கையால் குத்தினால் மட்டுமே மீன் எழுகிறது என்பதும், மூன்று நாள் காற்றில் நின்று இறங்கிய மீனைப் பேன் அப்புறம் அண்டுவதில்லை என்பதும் தெளிவாக மேலும் எட்டு மாதம் ஆயிற்று. அதற்குள் அவள் தம்பியின் மீன்பண்ணையில் ஆறு கூண்டுகளில் ஐந்து காலி. மருந்து எப்போது வரும் என்று வருஷக்கணக்காகக் கேட்டவன், இப்போது கேட்பதையே விட்டுவிட்டான். அது அவளை உள்ளுக்குள் குடைந்தது. ஆறு நாள் விடுப்புப் போட்டுவிட்டு, கடைசிக் கூண்டின் நாலாயிரம் மீன்களையும் வலையில் எடுத்து, மயக்கி, ஒவ்வொன்றாக உப்புத்தண்ணீரைக் குத்தினாள். குத்திய வரிசையிலேயே அவை எழுந்தன. தம்பி தீவனத்தை மேல்நோக்கி வீசக் கற்றுக்கொண்டான்.

"பொழச்சிட்டோம்க்கா! உன் கைதான் மருந்து. அப்புறம் எதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க?"

"கைய பாட்டில்ல அடைச்சு அனுப்ப முடியுமாடா? உலகத்துல எத்தனை கோடி மீன் இருக்கு, போய் எண்ணிட்டு வா."

இப்போது வாரத்தில் மூன்று நாள் பதினேழாவது மருந்து, நான்கு நாள் பண்ணைகள். வரிசையில் நாற்பத்தொரு பேர் இருக்கிறார்கள். அவள் போய்ச் சேர்வதற்குள் சிலருக்குக் கூண்டே காலியாகிவிடுகிறது. மீன்கள் எழுவதை யாரும் நின்று பார்ப்பதில்லை. அந்த மூன்று நாளில் வலையைக் கழுவிவிட்டால் வேலை மிச்சம் என்கிறார்கள். வலது மணிக்கட்டு வீங்கிப்போன ஒரு நாள், இடது கையால் ஐம்பது மீன்களைக் குத்திவிட்டு மூன்று நாள் காத்திருந்தாள். ஒன்றும் எழவில்லை. அவள் வாய்விட்டுத் திட்டிவிட்டு, வீங்கிய கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, ஐம்பதையும் மறுபடி வலையில் எடுக்கச் சொன்னாள்.