விளம்பரத்தில் வந்த குரல்

...இல்லை, யாருக்கும் தெரியவில்லை, தெரிந்திருந்தால் இந்நேரம் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியிருக்கும், கிளாரன்ஸ் அண்ணன் ஹேண்ட்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், அதிலிருந்து வருவது என் குரல்தான், "வாங்க அண்ணே, இன்னைக்கு உங்க நாள்... ஒரே ஒரு தடவை தட்டிப் பாருங்க", பாடாங் செராய் மாதா கோயில் மண்டபத்தில் முப்பது பேர் கேட்கிறார்கள், சற்று முன் பூசையில் நான் வாசகம் வாசித்ததையும் கேட்டவர்கள்தானே இவர்கள்? பின்னால் போட்ட இசை மறைத்துவிட்டதா, இல்லை, அகத்தா டீச்சர் இப்படிச் செய்வாள் என்று எவருக்கும் தோன்றவே தோன்றாதா... இருபது வருஷம் பாலர் பள்ளியில் அழுகிற பிள்ளைகளை அமர்த்திய குரல், பள்ளியை மூடிய பிறகு சுங்கை பட்டாணி ஆபீஸ் ஒன்றில் கூப்பிட்டார்கள், கேம் விளம்பரம் டீச்சர், ரெண்டு நிமிஷம் பேசினால் போதும் என்றார்கள், முதல் தடவை அது சூதாட்டம் என்று நிஜமாகவே தெரியாது, இரண்டாம் தடவை? தெரியும். மூன்றாம் தடவையும் போனேன்.

சூதாட்ட விளம்பரத்தை ஒரேயடியாகத் தடை செய்யச் சொல்லி மனு கொடுக்க வேண்டும் என்கிறார் கிளாரன்ஸ் அண்ணன், இளையோர் குழுவிலிருக்கும் ஃபெலிசியா எழுந்துவிட்டாள், "லாட்டரி நம்பர் கடைய மூடினாங்க, என்ன ஆச்சு அங்கிள்? எல்லாம் போனுக்குள்ள போயிருச்சு லா. இதையும் தடுத்தா இன்னும் ஒளிஞ்சு வரும். வெளியவே இருக்கட்டும், எச்சரிக்கை போடச் சொல்லுங்க, பெரியவங்க அவங்களே முடிவு பண்ணட்டும்," மனசு அவள் பக்கம் சாய்கிறது, அவள் சொல்வது சரி என்பதாலா, என்னைத் தப்பவைக்கும் என்பதாலா... அப்போதுதான் கடைசி நாற்காலியிலிருந்து கெல்வின் பேசினான், கிளாரன்ஸ் அண்ணனின் மகன், இந்த விளையாட்டில் வேலையையும் விட்டு, பெண்டாட்டியும் போய், அப்பா வீட்டுக்கே திரும்பி வந்தவன், அவன் இங்கே வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை.

"எச்சரிக்கைய யாரு படிக்கிறா? வேலையில இருந்தப்ப ஷிஃப்ட் முடிஞ்சு வீட்டுக்கு வந்தா என்கிட்ட யாரும் பேச மாட்டாங்க. அந்த அக்கா மட்டும்தான் அண்ணேன்னு கூப்பிடுவாங்க. அன்பா இருக்கும். விளையாடாத நாள்லகூட அத மட்டும் போட்டுக் கேட்டிருக்கேன்."

கிளாரன்ஸ் அண்ணன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மகனைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார், சொல்லிவிடலாம், இப்போதே எழுந்து நான்தான் அது என்று சொல்லிவிடலாம், வாய் வரைக்கும் வந்தது, அதற்குள் ஃபாதர், "அகத்தா, மனுவ எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டும்மா" என்று தாளை நீட்டிவிட்டார், வாங்கிக்கொண்டேன், வாசித்தேன், எங்கள் குடும்பங்களைச் சிதைக்கும் இந்த விளம்பரங்களை... கெல்வின் தலையை நிமிர்த்தினான், கண்டுபிடித்துவிட்டானா, முகத்தில் கோபம் இல்லை, சும்மா கேட்டுக்கொண்டிருந்தான், நான் பயந்துகொண்டிருக்கவில்லை, ஒவ்வொரு வரியிலும் அவன் சொன்ன அந்த அன்பு இந்தக் குரலிலும் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன், அதைவிடக் கேவலம், அவனுக்கும் அது கேட்க வேண்டும் என்று ஏங்கினேன்...