பதினோரு மின்னல்கள்

கைவிட்ட சுரங்கம் ஒன்றில், தரைக்கு ஒரு கிலோமீட்டர் கீழே, கண்ணுக்கே தெரியாத கரும்பொருளைத் தேடும் ஆய்வுக்கூடம் இருந்தது. அதன் துகள் ஏதாவது அங்கிருந்த திரவ செனான் தொட்டியில் மோதினால் துளி ஒளி மின்னும். தலைவலி என்னவென்றால், தூசி, கைவியர்வை, உலோகம் என எதிலிருந்து கசியும் கதிரியக்கமும் அதேபோல மின்னித் தொலைக்கும். தொட்டிக்குள் போகும் ஒவ்வொரு பொருளையும் சோதிப்பது அங்கிருந்த ஆய்வாளர் ஒருத்தியின் வேலை. அவளை 'சல்லடை' என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள்.

கூடத்தின் தலைவர் அவள் அக்காவின் கணவர். ஏழு வருடங்களுக்கு முன் முதல் தொட்டி பாழானபோது, "இவ கையுறை போடல" என்று கூசாமல் பழியை அவள் தலையில் கட்டியவர். வெறுங்கையை உள்ளே விட்டது அவர்தான். அவள் சொன்னதை யாரும் நம்பவில்லை. ஆய்வுக் கட்டுரையிலிருந்து அவள் பெயரும் போயிற்று.

இப்போது புதுத் தொட்டியில் ஒரே வருடத்தில் பதினோரு மின்னல்கள். கரும்பொருளே சிக்கிவிட்டது என்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. அவசரத்தில் அவர் சோதிக்காமலே மாட்டச் சொன்ன திருகாணிகளில் நாலு மிச்சம் இருந்தன. அவள் அளந்து பார்த்தாள். தோரியம் என்ற கதிரியக்க உலோகம் கலந்திருந்தது. பதினோரு மின்னலுக்கு அதுவே தாராளம். முடிவு எழுதிய தாளை மடித்து மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள்.

மூன்று வாரம் கழித்து, பத்திரிகைக்காரர்கள் நிறைந்த அரங்கில் அவர் கண்டுபிடிப்பை அறிவித்து முடித்ததும் எழுந்தாள்.

"அத்தான், ஒரு கேள்வி." சபையில் அப்படிக் கூப்பிட்டது வேண்டுமென்றேதான். "திருகாணியைச் சோதிச்சாச்சா?"

"அதெல்லாம் பாத்தாச்சும்மா."

"யாரு பாத்தா? பாக்கறவ நான்தானே?"

தாளை விரித்துக் காட்டினாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

வெளியே அக்கா வழிமறித்தாள். "முன்னாடியே தெரியுமாடி?"

"மூணு வாரமா தெரியும்."

"வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா, மாட்டினதே நான்தான்னு ஆகியிருக்கும்க்கா."

அக்கா விலகி நடந்தாள். அதன்பின் அவளோடு பேசவே இல்லை.

அவர் பதவி விலகினார். முடிவை ஏன் மறைத்தாய் என்று விசாரணைக் குழு கேட்டபோது, "பழிவாங்க" என்று ஒரே வார்த்தையில் எழுதிக் கொடுத்தாள். ஆறு மாதம் பணியிடைநீக்கம். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

திருகாணிகளை மாற்றி இரண்டு வருடமாகிறது. தொட்டியில் ஒரு மின்னல்கூட இல்லை. மாதாமாதம் அறிக்கையில் 'பூஜ்யம்' என்று எழுதி, அதன் பிரதியொன்றை அத்தான் வீட்டு முகவரிக்குத் தவறாமல் அனுப்பிவைக்கிறாள்.